சிஸ்டர், ஒரு கேள்வி: நேற்று சாயங்காலம் என்ன பேசினீர்கள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வைப் பற்றியவை. அதிலும் ‘நண்பர்களோடு அரட்டை’ என்ற ஒரே தலைப்பு. ஏதோ ஒரு கோச்சிங் சென்டரில் அந்த வாரப் பாடம் அதுவாக இருந்திருக்க வேண்டும். சரி, தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வு இது. பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். எதிரில் ஒரு தேர்வாளர் இருப்பார், பேச்சைப் பதிவு செய்வார்கள். முதல் 4, 5 நிமிடம் வீடு, வேலை, பழக்கம் என்று சாதாரணக் கேள்விகள். அரட்டைக் கேள்வி வருவது இங்கேதான். அப்புறம் ஓர் அட்டையைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 2 நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்வார்கள். கடைசியில் அதே பொருளை ஒட்டி இன்னும் கொஞ்சம் ஆழமான பேச்சு.

நர்சிங் முடித்திருக்கிறேன், சிஸ்டர். ‘டூ யூ லைக் சாட்டிங் வித் ஃப்ரெண்ட்ஸ்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ லைக்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறேன். சென்டரில் பதில்களை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

செய்யாதே தங்கச்சி. பட்டவள் சொல்கிறேன். நான் அந்தத் தேர்வை மூன்று தடவை எழுதியவள். மூன்று தடவையும் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி சென்னைக்குப் போனேன். அப்போது இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிய கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு பகுதியிலும் 9-க்கு 7 வேண்டும். இப்போது எழுத்துக்கு 6.5 போதும் என்று இறக்கிவிட்டார்கள், பேச்சுக்கு அதே 7தான்.

முதல் தடவை என் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் நண்பர்கள் பற்றிய பத்தி ‘ஃப்ரெண்ட்ஸ் ஆர் த பில்லர்ஸ் ஆஃப் மை லைஃப்’ என்று ஆரம்பிக்கும். தூண்களாம். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் என்ற ஊரில் நாங்கள் இருந்த ஓலை வீட்டில் மொத்தமே நாலு கால்தான் நட்டிருந்தது. தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். தோழிகளோடு பேசப் பிடிக்குமா என்று கேட்டார், ஒப்பித்தேன். தலையாட்டிவிட்டு, சின்ன வயதில் தோழிகளோடு பேசியதற்கும் இப்போது பேசுவதற்கும் என்ன வித்தியாசம் என்றார். நோட்டில் அது இல்லை. மறுபடியும் போய்த் தூணையே பிடித்துக்கொண்டேன். 6 வந்தது.

இரண்டாம் தடவை வேறொரு சென்டர். மரபுத்தொடர்களைப் போட்டால் மார்க் கொட்டும் என்றார்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்று பத்துப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு போய், குழம்பில் கல் உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்ட மாதிரி எல்லாப் பதிலிலும் போட்டேன். 6.5.

மூன்றாம் தடவைக்கு எந்தச் சென்டருக்கும் போகவில்லை. ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதே, காசு தீர்ந்துவிட்டது. தேர்வுக்கு முந்தின வாரம் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போனேன். எங்கள் ஊர்ப் பெண்கள் வத்தை என்கிற படகில் ஏறிக் குருசடைத் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முங்கி முங்கிப் பறிப்பார்கள். தண்ணீருக்குள் தலை இருக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். யார் மகளுக்கு வளைகாப்பு, எந்த வியாபாரி எடையில் ஏமாற்றினான், யார் வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார், எல்லாம்.

அந்தத் தடவை சென்னையில் எனக்கு வந்த கேள்வி நண்பர்களைப் பற்றியே இல்லை. படகில் போயிருக்கிறாயா என்று கேட்டார்கள். நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: ‘மை மதர் கலெக்ட்ஸ் ஸீவீட். ஷி அண்ட் ஹெர் ஃப்ரெண்ட்ஸ் சாட் ஆல் த வே டு தி ஐலண்ட், அண்ட் தே ஒன்லி ஸ்டாப் வென் தே டைவ்.’ தேர்வாளர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கக் கேட்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். 7.5.

அவர்கள் மார்க் போடுவது நான்கு விஷயத்துக்கு: தட்டுத்தடுமாறாமல் தொடர்ச்சியாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் ஒரே எடை. சொன்ன கருத்து எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க அங்கே ஆளே கிடையாது. நட்பின் மேன்மையைப் பேசி என்ன கிடைக்கப்போகிறது? மனப்பாடப் பதிலுக்கு ஒரு ராகம் உண்டு, தினமும் பத்துப் பேரைக் கேட்கிற தேர்வாளருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது உன் ‘யெஸ், ஐ லைக்’. தமிழில் ‘பிடிக்கும்’ என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். ஆங்கிலத்தில் ‘ஐ லைக்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘யெஸ், ஐ டூ’ என்று சொல், அல்லது ‘ஐ லைக் இட்’ என்று முடி. முடித்ததும் உன்னையே ஒரு கேள்வி கேள்: நேற்று சாயங்காலம் யாரோடு, எங்கே, என்ன பேசினேன்? உன் கடிதத்தின் ஓரத்தில் சித்தி மகள் கல்யாணப் புடவைச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதுவே போதும்:

‘யெஸ், ஐ டூ. மோஸ்ட் ஈவ்னிங்ஸ் ஐ மீட் டூ ஓல்ட் கிளாஸ்மேட்ஸ் நியர் த சர்ச். யெஸ்டர்டே வி டாக்ட் அபௌட் மை கசின்ஸ் வெட்டிங், அண்ட் வி எண்டட் அப் ஆர்க்யூயிங் அபௌட் த கலர் ஆஃப் த ஸாரி.’

முதல் பகுதிக்கு இரண்டு மூன்று வாக்கியம் தாராளம். வழக்கமாகச் செய்வதற்கு நிகழ்காலம், நேற்று நடந்ததற்கு இறந்தகாலம், இரண்டும் தானாக வந்துவிட்டன பார். இதையும் மனப்பாடம் செய்துவிடாதே. நீ தேர்வுக்குப் போகும்போது அந்தப் புடவையைக் கட்டி, கசக்கி, பெட்டியில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு வேறு பேச்சு இருக்கும்.

‘சாட்’ என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுவதுதானே? ‘ஐ யூஸ்ட் டு சாட் வித் மை ஃப்ரெண்ட்ஸ் டெய்லி’ என்றேன். பயிற்சி கொடுப்பவர், “ஏன், இப்போது பேசுவதில்லையா?” என்று கேட்கிறார். கூட்டாளிகளில் பாதிப் பேர் துபாயில் இருக்கிறார்கள், தினமும்தான் பேசுகிறோம். எங்கே தப்பு?
— ஒரு வாசகர், கீழக்கரை

தம்பி, போன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தச் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம்முடைய அரட்டைதான் அது. காரியம் எதுவும் இல்லாமல், மனசு லேசாக, வாயால் பேசுவது. போனில் எழுதுவது நமக்குப் பழகிப்போனதால் வாயை மறந்துவிட்டோம். எழுதுவதைச் சொல்ல வேண்டுமானால் ‘மெசேஜ்’ அல்லது ‘டெக்ஸ்ட்’ என்று வையுங்கள், ‘சாட் ஆன்லைன்’ என்றாலும் புரியும்.

உங்கள் வாத்தியார் கேட்டது சரியான கேள்வி. ‘யூஸ்ட் டு’ என்றால் முன்பு செய்தேன், இப்போது இல்லை என்று பொருள். நாமோ ‘வழக்கம்’ என்ற அர்த்தத்தில் அதைப் போடுகிறோம். கேட்கிற வெள்ளைக்காரர், பாவம், இந்தப் பிள்ளை கூட்டாளிகள் எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார். ‘ஐ சாட் வித் தெம் எவ்ரி டே’, அவ்வளவுதான். ‘வி ஆர் சாட்டிங் டெய்லி’ என்பதும் நம் ஊர்த் தப்புதான். ‘பேசிக்கொண்டிருப்போம்’ என்று தமிழில் வருவதால் அந்த ‘இங்’ உள்ளே நுழைகிறது. ‘ஐ யாம் ஹேவிங் ஃபைவ் ஃப்ரெண்ட்ஸ்’ வேண்டாம், ‘ஐ ஹேவ்’. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதில் ‘அபௌட்’ வேண்டாம், ஆனால் ‘டாக் அபௌட்’, ‘சாட் அபௌட்’ என்பதில் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், அது அப்படித்தான்.

நேரில் பேசப் பிடிக்குமா, போனிலா என்ற கேள்வி உங்களுக்கு லட்டு மாதிரி. ‘இட் டிபெண்ட்ஸ்’ என்று ஆரம்பித்து, துபாய்க்காரர்களோடு ஏன் போன், ஊரில் இருப்பவர்களோடு ஏன் நேரில் என்று பிரித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டீக்கடையில் நின்று பேசுவதை வீடியோ காலில் பேச முடியுமா? ஊரிலிருந்து ஒருவர் கொண்டுபோகும் தொதல் இனிப்பை வெட்டி வைத்துக்கொண்டு துபாயில் ஆறு பேர் ஒரே அறையில் பேசுகிற பேச்சு எப்படி இருக்கும்? பதில் உங்களிடமே இருக்கிறது. நீண்ட நாள் கழித்துப் பார்த்து நடந்ததையெல்லாம் சொல்லிக்கொள்வதற்கு ‘கேட்ச் அப்’ என்று ஒரு சொல் உண்டு. ‘வென் தே கம் ஹோம் ஆன் லீவ், வி கேட்ச் அப்.’ உங்கள் ஊருக்காகவே செய்த சொல் போல இருக்கிறது.

தமிழ் வாடை அடிக்காமல் ஆங்கிலம் பேசுவது எப்படி?
— ஒரு வாசகர், ஏர்வாடி

எதற்குத் தம்பி? 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவரான பிறகும் அவர் ஆங்கிலத்தில் நம் கடற்கரை இருந்தது. கேட்டவர்களுக்குப் புரியாமலா போயிற்று? தேர்விலும் அப்படித்தான். எந்த ஊர் வாடை என்பதற்கு மார்க் வெட்ட மாட்டார்கள், புரியாமல் போனால் வெட்டுவார்கள்.

புரியாமல் போகிற இடம் எது என்றால், இந்தப் பத்திரிகையில் நான் ‘பேக்’ என்று அச்சடித்தால் அது பையா, முதுகா, கட்டுவதா? நம் எழுத்து மூன்றையும் ஒன்றாக்கிவிடும். நாக்கும் அதே வேலையைச் செய்யும். இதை எழுத்தில் சொல்லித்தர முடியாது, காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொன்று ‘டாக்ட்’, ‘ஆஸ்க்ட்’, ‘லாஃப்ட்’ போன்றவை. நாம் ‘டாக்கெட்’, ‘ஆஸ்கெட்’ என்று ஓர் அசையைக் கூடுதலாகப் போடுகிறோம். கடைசியில் ஒரு சின்ன ‘ட்’ போதும். ‘சாட்டெட்’ போன்றவை விதிவிலக்கு, அவற்றுக்கு அந்த அசை வேண்டும். மூலச்சொல் ஆங்கில ‘t’ ஒலியிலோ ‘d’ ஒலியிலோ முடிந்தால்தான் ‘எட்’ வரும்: ‘சாட்டெட்’, ‘வான்டெட்’, ‘எண்டெட்’. (முதல் பதிலில் ‘எண்டட்’ என்று எழுதினேன். அதே சொல்தான், தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதினால் இப்படித்தான்.)

நண்பர்களோடு சண்டை வருமா என்று கேட்டால் ‘வராது’ என்று நல்லபடியாகச் சொல்வதுதானே மரியாதை?
— ஒரு வாசகி, தேவிபட்டினம்

தேர்வாளர் மாப்பிள்ளை வீட்டார் இல்லையே! ‘நோ, நெவர்’ என்று சொன்னால் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. சண்டை வந்தது என்று சொன்னால் எதற்கு, யார் முதலில் பேசினார்கள், எப்படிச் சமாதானம் ஆனது என்று கதை நீளும். ‘வி ஃபெல் அவுட்’ என்றால் மனஸ்தாபம் ஆனது, ‘வி மேட் அப்’ என்றால் ராசியானது. பொய் சொன்னால் கண்டுபிடிக்க மாட்டார்கள், அது உண்மைதான். ஆனால் பொய்யை யோசிக்க நேரம் ஆகும், அந்தத் தயக்கத்துக்குத்தான் மார்க் போகும்.

ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆளே இல்லை. தோழிகளிடம் பேசினால் “பெரிய துரைசாணி” என்று சிரிக்கிறார்கள். கண்ணாடி முன் பேசச் சொல்கிறார்கள், எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கிறது.
— ஒரு வாசகி, தொண்டி

எனக்கும் கண்ணாடி பிடிக்காது. முடியைச் சரிசெய்யத்தான் தோன்றும். சிரிக்கிறவர்களில் ஒருத்தியையாவது கூட்டுச் சேர்த்துக்கொள், நிச்சயம் அவளுக்கும் ஆசை இருக்கும். இரண்டு பேர் போதும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். என்னோடு படித்த ஒருத்தியும் நானும் சாயங்காலம் பாம்பன் கரையில் உட்காருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரை முழுக்க ஆட்கள் இருப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசலைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுப்போம். பத்து நிமிடம் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அப்புறம் நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவள் ‘ஒய்?’, ‘ஹூ?’, ‘தென் வாட்?’ என்று மட்டும் கேட்பாள், திருத்த மாட்டாள். அடுத்த முறை அவள் சொல்ல, நான் கேட்பேன். ஒட்டுக்கேட்பது நல்ல பழக்கம் இல்லைதான், ஆனாலும் அதைப் போலப் பயிற்சி கிடையாது. மற்றவர் பேச்சைத் திருப்பிச் சொல்லும்போது ‘ஹி செட்’, ‘ஷி டோல்ட் ஹிம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். ‘டோல்ட்’ என்றால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும், ‘செட்’ என்றால் வேண்டாம் என்பது மூன்றே நாளில் நாக்கில் உட்கார்ந்துவிடும்.

சொல் கிடைக்காத இடம் வரும், சுற்றிப் போ. ‘பொத்துவது’ என்பதற்கு எங்களுக்கு ‘மெண்டிங்’ தெரியாது. ‘மேக்கிங் த டோர்ன் நெட் குட் அகெய்ன்’ என்று சொல்லிக் கடந்தோம். தேர்விலும் அப்படிச் சுற்றிப் போகலாம், அது ஒரு திறமையாகவே எடுத்துக்கொள்ளப்படும். தொண்டியில் உனக்கு என்ன பேச்சு கிடைக்கிறதோ அதை எடு. எங்கள் பக்கம் இப்போது புதுப் பாலப் பேச்சு. 2025 ஏப்ரலில் திறந்த அந்த ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழைய பாலம் இரண்டு கையையும் விரித்துத் தூக்குகிற மாதிரி திறந்தது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காத ஒருவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார், அட்டை கொடுத்து 2 நிமிடம் பேசச் சொல்கிற பகுதிக்குத் தானாகத் தயாராகிவிடுவாய்.

பேசியதைப் போனில் பதிந்து ஒரு தடவை கேள். உன் குரல் உனக்கே அசிங்கமாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். ‘ஆக்சுவலி’ எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எண்ணு. நான் எண்ணியபோது ஒரு நிமிடத்தில் ஒன்பது.

என் மகள் ராத்திரி 12 மணி வரை போனில் தோழிகளோடு தட்டிக்கொண்டிருக்கிறாள். கேட்டால், “இங்கிலீஷ் பிராக்டீஸ்மா” என்கிறாள். உண்மையா சிஸ்டர்?
— ஒரு தாய், மண்டபம்

கொஞ்சம் உண்மை, மிச்சம் சாமர்த்தியம். விரலால் தட்டுவது பேச்சுக்கு உதவாது. அழித்து அழித்து எழுதலாம், பேச்சில் அழிக்க முடியாது. தட்டுவதற்குப் பதில் ஆங்கிலத்திலேயே குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அது நிஜமான பயிற்சி. உங்களுக்கும் காதில் விழும், 10 மணிக்கே தூங்கிவிடுவாள் பாருங்கள்.

தேர்வெல்லாம் இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்கள் நிஜத்தில் எப்படி அரட்டை அடிப்பார்கள்?
— ஒரு வாசகர், ராமேஸ்வரம்

நான் இருந்தது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். வார்டில் முதல் வாரம். காலையில் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டார்கள். அடடா, எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். கூட வேலை செய்த ஒரு பெண்ணிடம், குளிரில் இடுப்பு பிடித்திருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, ஊரில் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று முழுவதும் சொன்னேன். அவள் கையில் பெட்பேனோடு நின்று கேட்டாள். பாவம், நல்ல பெண். ‘யூ ஆல்ரைட்’ என்பது கேள்வியே இல்லை, நாம் ‘என்ன, சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற மாதிரி என்று மூன்றாம் வாரம்தான் புரிந்தது. ‘யெஸ், யூ?’ என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட வேண்டும், நிற்கக்கூடக் கூடாது.

‘எப்போது படிப்பை முடித்தாய்’ என்று கேட்டபோது, நம் வழக்கப்படி ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2008’ என்றேன். அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். வார்டு சிஸ்டர் முகம் மாறி, ‘அதற்கப்புறம் எப்போதாவது வந்ததா?’ என்று கேட்டார்.

வானிலைப் பேச்சு மட்டும் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. மழை வருமா, காற்று அதிகமா என்று பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்வார்கள். கூட வந்த மற்ற ஊர் நர்ஸ்களுக்கு அது வேடிக்கை. எனக்கு இல்லை. காலையில் எழுந்ததும் கச்சான் என்கிற மேல்காற்றா, வாடைக்காற்றா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊரில் அடுப்பே பற்றவைப்பார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவர், ‘பிட் விண்டி, லவ்’ என்றார். நான் மேகத்தைப் பார்த்து, காற்று மேற்கிலிருந்து வருகிறது, மத்தியானத்துக்குள் அடங்கிவிடும் என்றேன். அடங்கியும் விட்டது. அதிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு மழை வருமா என்று கேட்பார். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வேன். அவர் கேட்பதை விடவில்லை.